கூடு யாருடையது?

எங்கள் வீட்டு மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மதியம் மெல்லிய ரீங்காரம் கேட்டது. சில நொடி ஒலிக்கும், நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒலிக்கும். மின்கசிவாக இருக்குமோ என்று மெயினை அணைத்தேன். அப்போதும் சத்தம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நூலைப் போல ஒடுங்கிய இடையுடன் ஒரு குளவி, வாயில் மிளகு அளவு ஈரமண் உருண்டையை வைத்துச் சுவரில் பூசிக்கொண்டிருந்தது. மண்ணைப் பூசும் நேரத்தில் மட்டும் அந்தச் சத்தம்.

கான்கிரீட் போடுகிற இடத்தில் வைப்ரேட்டர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதிர்வு கொடுத்தால் கெட்டிக் கலவை இளகும், மூலைமுடுக்கெல்லாம் இறங்கும், பிறகு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மண்குளவி செய்வதும் இதுதான். இறக்கையை இயக்கும் தசைகளை அதிரவைத்து, அந்த அதிர்வைத் தாடை வழியாக மண்ணுக்குள் அனுப்புகிறது. மண் இளகி, முன்பே பூசிய விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஓர் அறையைக் கட்டி முடிக்க இருபது முப்பது நடை மண் சுமக்க வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் வைப்ரேட்டரும் அந்த ஒரே பூச்சிதான்.

அறை தயாரானதும் வேட்டைக்குக் கிளம்புகிறது. பிடிப்பது சிலந்திகளை. கொட்டுகிறது, ஆனால் கொல்வதில்லை. செத்த சிலந்தி நம் ஊர் வெயிலில் ஓரிரு நாளில் அழுகிவிடும். நஞ்சால் செயலிழந்த சிலந்தியோ நாள்கணக்கில் கெடாமல் கிடக்கும். கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ் அது. அறைக்குப் பத்துப் பதினைந்து சிலந்திகளைத் திணித்து, ஒரே ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுத் தாய் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாகி, மண்சுவரைக் குடைந்துகொண்டு வெளியே வருகிறது.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சீடனைக் குரு தன்னைப் போல ஆக்குவதற்கு அதை உவமையாகவும் சொல்வதுண்டு. குளவிகளில் இன்னொரு வகை, சிறு மண்கலயம் போலக் கூடு கட்டி, சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுக்களை அடைக்கும். அதைப் பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். புழு உள்ளே போனது, கூடு அடைபட்டது, சில வாரத்தில் அதே கூட்டிலிருந்து குளவி வந்தது. நடுவே அவர்கள் கண்ணுக்குத் தப்பியது மிகச் சிறிய அந்த முட்டை ஒன்றுதான்.

கொட்டும் பூச்சி வீட்டில் கூடு கட்டினால் நாம் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கூட்டைக் காக்கப் படை உண்டா என்பதை. மண்குளவிக்குப் படை கிடையாது. தனி ஆளாக வாழ்கிறது. கூட்டருகே நாம் போனால் விரட்டி வந்து கொட்டுவதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் மட்டுமே கொட்டும். வீட்டில் குளவி கூடு கட்டினால் யாரோ பிள்ளை உண்டாகியிருக்கிறார்கள் என்று சொல்லி, அதைக் கலைக்க விடாத வீடுகள் இன்றும் உண்டு. நம்பிக்கை எப்படியோ, வழக்கம் நல்ல வழக்கம். எடுத்தே தீர வேண்டும் என்றால் மண்கூட்டில் வட்டமான ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த அறையில் வளர்ந்த குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். பழைய கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

ஆனால் குழாய்களை மட்டும் சும்மா விடக்கூடாது. மண்குளவிகளில் பலவற்றுக்கு விரல் நுழையாத துவாரம் என்றால் உயிர். பூட்டுச் சாவித்துளை, ஏ.சி. தண்ணீர்க் குழாய், கேஸ் அடுப்பின் பர்னர் எதையும் விடாது. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய போயிங் 757 விமானம் ஒன்று கடலில் விழுந்து, அதில் இருந்த 189 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் அடைபட்டு, விமானிக்குத் தவறான வேகம் காட்டியதில்தான் விபத்து தொடங்கியது என்று விசாரணையில் தெரிந்தது. சில நாள்கள் உறை மாட்டாமல் நின்றிருந்த அந்தக் குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டியிருக்கலாம் என்று புலனாய்வாளர்கள் சந்தேகித்தார்கள். நீண்டநாள் பூட்டிய வீட்டுக்குத் திரும்பினால், அடுப்பைப் பற்றவைக்கும் முன் பர்னரை ஒருமுறை பாருங்கள்.

இனி சன்ஷேடுக்கு அடியில் தொங்கும் கூட்டுக்கு வருவோம். தாமரைக் காயைக் கவிழ்த்தது போல, சாம்பல் நிறத்தில், அறைகள் திறந்து தெரிய ஒரே காம்பில் தொங்கும். மேலே நாலைந்து மெலிந்த குளவிகள் உட்கார்ந்திருக்கும். இவை காகிதக் குளவிகள். இவற்றின் பெரிய பகை எறும்பு. எறும்பு கூட்டுக்குள் நுழைய இருக்கும் வழி அந்த ஒற்றைக் காம்புதான். அதில் தங்கள் வயிற்றில் சுரக்கும் ஒரு திரவத்தை இந்தக் குளவிகள் அவ்வப்போது தடவிவைக்கின்றன. எறும்புக்கு அது ஆகாது. பலகார அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் நம் பாட்டிமார் யோசனைதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கதக்கர் தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படும் ரோபலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். கூட்டுக்கு ஒரு ராணி. அவள் அதட்டுவதில்லை, சண்டைக்குப் போவதில்லை. பார்ப்பதற்கு ஆக சாதுவானவள். அவளை எடுத்துவிட்டால் சற்று நேரத்திலேயே வேலைக்காரக் குளவி ஒன்று மூர்க்கமாகி எல்லாரையும் விரட்டும். யாரும் அதை எதிர்ப்பதில்லை. சில நாளில் அதுவும் சாதுவாகி முட்டையிடத் தொடங்கும். அடுத்த வாரிசு யார் என்று குளவிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ராணி இருக்கும்வரை ஆய்வாளர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் சன்னலுக்கு வெளியே நடக்கிற அரசியல் இது.

இந்தக் கூட்டுக்குப் படை உண்டு, ஆனால் சிறியது. தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடலாம். காய்கறிச் செடியின் புழுக்களைப் பிடித்துத் தின்னும் பூச்சி இது. துணி காயவைக்கும் கொடிக்குப் பக்கத்திலோ, குழந்தைகள் ஓடும் வாசலிலோ இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். கூடு எலுமிச்சை அளவில் இருக்கும்போது கவனித்துவிட்டால் வேலை சுலபம். மாதம் ஒருமுறை சன்ஷேடுக்கு அடியில் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

மூன்றாவது கூட்டைப் பற்றித்தான் நான் பயத்தோடு எழுதுகிறேன். ஒரு ஊரில் கதண்டு என்பார்கள், இன்னொரு ஊரில் கடந்தை என்பார்கள். கறுத்த உடம்பு, வயிற்றில் ஒரே ஒரு அகலமான மஞ்சள் பட்டை, நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பனையிலும் தென்னையிலும் சில நேரம் கட்டடத்து மூலையிலும், மண்பானையைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல அதன் கூடு இருக்கும். கிட்டே போகாமல், தூரத்தில் நின்று கேமராவை ஜூம் செய்து பாருங்கள். பழுப்பு, வெளிர்மஞ்சள், சாம்பல் என்று வரிவரியாகச் சங்கின் மேற்புறம் போலத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு கதண்டு ஒரு நடை சுமந்து வந்த மரத்தூள். ஒன்று பட்டுப்போன வேலியைச் சுரண்டி வந்திருக்கும், ஒன்று பழைய உத்தரத்தை. மரநாரை மென்று எச்சிலோடு குழைத்து மெல்லிய தாளாக இழுத்துவிடுகிறது. காயும்போது அது காகிதம்.

நம் காகிதத்துக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கந்தல் துணியிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். கந்தலுக்குத் தட்டுப்பாடு வந்துகொண்டே இருந்தது. 1719இல் பிரெஞ்சு அறிஞர் ரியோமர், குளவிகள் துணி இல்லாமல் மரத்திலிருந்தே காகிதம் செய்கின்றன, நாமும் செய்து பார்க்கலாமே என்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சொன்னார். மரக்கூழ்க் காகிதம் தொழிலாக வளர அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

கதண்டுக் கூட்டின் சுவர் ஒரே தாள் அல்ல. பல அடுக்கு, அடுக்குகளுக்கு இடையே காற்றறைகள். அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. வெளியே குளிர்ந்தால் கதண்டுகள் தசைகளை நடுக்கிச் சூடேற்றுகின்றன. வெயில் ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து இறக்கையால் விசிறுகின்றன. உள்ளே குஞ்சுகள் வளரும் இடம் ஏறக்குறைய 30 டிகிரியில் நிற்கிறது.

உள்ளே மாடிமாடியாக அறைத்தட்டுகள். நாம் அடித்தளத்திலிருந்து மேலே கட்டுவோம். கதண்டு மொட்டைமாடியில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கட்டுகிறது. ஒவ்வொரு மாடியும் மேல் மாடியிலிருந்து சிறு தூண்களில் தொங்குகிறது. எல்லா அறைகளின் வாயும் கீழ்ப்பக்கம். புழுக்கள் தலைகீழாகத் தொங்கியே வளர்கின்றன. அறைகள் ஆறு பக்கம் கொண்டவை என்பது எல்லாருக்கும் தெரியும். இடையில் பெரிய அறைகள் தேவைப்பட்டால் என்ன செய்வது? சின்ன ஆறுபக்கமும் பெரிய ஆறுபக்கமும் இடைவெளியில்லாமல் பொருந்தாது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் குளவிகள் கண்ட வழியைக் காட்டியது. சேரும் இடத்தில் ஐந்து பக்க அறை ஒன்றையும் ஏழு பக்க அறை ஒன்றையும் ஜோடியாக நுழைக்கின்றன. தேனீக்களும் மெழுகில் இதே ஜோடியைத்தான் போடுகின்றன. இரண்டு குலமும் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த கதண்டால் இறைச்சியை விழுங்க முடியாது. இடை அவ்வளவு ஒடுக்கம். பூச்சியைப் பிடித்து மென்று உருண்டையாக்கிப் புழுவுக்கு ஊட்டுகிறது. புழு அதைச் செரித்து, அமினோ அமிலங்கள் நிறைந்த ஒரு துளி எச்சிலைத் திருப்பித் தருகிறது. அதைக் குடித்துத்தான் கதண்டு நாள்முழுக்கப் பறக்கிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்டி, பிள்ளையிடமிருந்து கஞ்சி வாங்கிக் குடிக்கும் தாய். பசித்த புழுக்கள் தாடையால் அறைச்சுவரைச் சுரண்டிச் சத்தம் எழுப்புவதும் கதண்டு இனங்களில் பதிவாகியிருக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உள்ளே இருக்கும் வீட்டைத்தான் அந்தப் படை காக்கிறது. தென்னையில் ஏறுபவரின் கால் மரத்தில் பட்டதும் அதிர்வு கூட்டுக்கு எட்டுகிறது. சில நொடிகளில் வாசலில் படை திரண்டுவிடும்.

நான்காவது, மலைத்தேனீ. நம்மூர்த் தேனீக்களில் கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கே இல்லை. புதரில் கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீயும், மரப்பொந்தில் வாழும் அடுக்குத்தேனீயும் சீண்டினால்தான் கொட்டும். மலைத்தேனீ வேறு ரகம். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, அடுக்குமாடியின் பால்கனி விளிம்பு, கோயில் கோபுரம், ஆலமரத்துக் கிளை என்று உயரத்தில், திறந்தவெளியில், ஒரே ஒரு பெரிய அடையாகத் தொங்கும். ஒரு மீட்டருக்கு மேல் அகலம் போகும். நாம் கறுப்பாகப் பார்ப்பது அடையை அல்ல, அதைப் போர்வை போல மூடியிருக்கும் ஆயிரக்கணக்கான தேனீக்களை.

அந்தப் போர்வை அசையும். கதண்டு ஒன்று அரை மீட்டருக்குள் வந்து வட்டமிட்டால், கிட்டத்தில் இருக்கும் தேனீக்கள் சட்டென்று வயிற்றை மேலே தூக்கி இறக்கும். பக்கத்துத் தேனீக்கள் தொடரும். ஒரு நொடிக்குள் அலை கூடு முழுவதும் ஓடி முடிந்துவிடும். கிரிக்கெட் மைதானத்தில் ரசிகர்கள் வரிசையாக எழுந்து உட்கார்வது போல. ஆஸ்திரியாவின் கெரால்டு காஸ்ட்பெர்கர் குழுவினர் இதைப் படம்பிடித்து அளந்து 2008இல் வெளியிட்டார்கள். அலை பெரிதாக எழுந்தால் கதண்டு மிரண்டு விலகிப் போகிறது. ஒரு தேனீகூடப் பறக்கவில்லை, ஒரு கொட்டும் செலவாகவில்லை.

மலைத்தேனீக்கு இன்னொரு குணம் உண்டு. வீட்டுக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. அது வலசை போகும் பூச்சி. பூ குறைந்தால் கூட்டத்தோடு கிளம்பி, நூறு இருநூறு கிலோமீட்டர்கூடத் தாண்டிப் போய்விடும். மாதங்கள் கழித்துத் திரும்பி அதே கிளைக்கே வருவதும் உண்டு. அதே குடும்பம்தானா என்று மரபணுவை வைத்துச் சோதித்தபோது, அதே ராணியின் கூட்டமே திரும்பி வந்திருப்பது தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆகவே ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் கூடு இருந்தால், பொறுத்திருப்பதே ஆகச் சிறந்த வழி. அவை போன பிறகு மிச்சமிருக்கும் மெழுகைச் சுரண்டிக் கழுவி, அந்த மூலைக்கு வலை அடித்துவிட்டால் அடுத்த பருவத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

பொறுக்காதவர்கள் செய்வது புகை போடுவதும் கல் எறிவதும். சவ ஊர்வலத்து வெடி, கோயில் ஹோமப் புகை, மரத்தடிச் சமையல் என்று மலைத்தேனீ கலைந்த செய்திகளைப் படிக்காத ஆண்டு இல்லை. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் குளவிக்கொட்டு என்பது தொழிலோடு சேர்ந்த அன்றாட ஆபத்து. மலைத்தேனீயையும் அங்கே குளவி என்றே சொல்கிறார்கள்.

ஒரு தேனீ கொட்டினால் ஏன் நூறு வருகின்றன? விடை மணத்தில் இருக்கிறது. பூச்சிகள் தங்களுக்குள் செய்தி சொல்லச் சுரக்கும் வாசனைப் பொருள்களை ஃபெரமோன் என்பார்கள். கொட்டும்போது தேனீ ஓர் அபாய மணத்தை வெளியிடுகிறது. அதன் முக்கியப் பொருள் ஐசோபென்டைல் அசிட்டேட் என்று 1962இல் கண்டுபிடித்தார்கள். பழுத்த வாழைப்பழத்தின் வாசனை அதே பொருளிலிருந்து வருவதுதான். கொட்டிய இடத்தில் அந்த மணம் ஒட்டிக்கொள்கிறது. ‘இங்கே கொட்டு’ என்று நம் தோலில் எழுதி வைத்தது போல. கதண்டு இனங்களுக்கும் இப்படி அபாய மணம் உண்டு. அதனால் உடம்பில் உட்கார்ந்ததை அடித்து நசுக்குவது, மேலும் பத்தை அழைப்பதற்குச் சமம்.

கொடுக்கு உண்மையில் முட்டையிடு குழல், பரிணாமத்தில் ஆயுதமாக மாறியது. ஆகவே கொட்டுவது பெண் பூச்சி மட்டுமே. தேனீயின் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. கொட்டிவிட்டுப் பறக்கும்போது கொடுக்கு, நஞ்சுப்பை, அதை இயக்கும் தசை, சிறு நரம்புமுடிச்சு எல்லாம் கழன்று நம் தோலிலேயே தங்கிவிடும். தேனீ செத்துப்போகும், பம்ப் மட்டும் தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கும். முதல் 20 நொடிக்குள்ளேயே பையில் உள்ள நஞ்சில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆகவே நகத்தால் கிள்ளியோ சுரண்டியோ, எப்படியானாலும் உடனே எடுத்துவிட வேண்டும். கிள்ளினால் நஞ்சு பிதுங்கும் என்று தயங்கி, வழித்தெடுக்க அட்டை தேடிக்கொண்டிருந்தால் அதுதான் நஷ்டம். கதண்டுக்கும் குளவிக்கும் முட்கள் அப்படிச் சிக்குவதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும். ‘கதண்டு கடித்து’ என்று செய்தித்தாளில் வருகிறதே, அது கடி அல்ல, கொட்டு.

ஒரு தேனீ இறக்கும் நஞ்சின் எடை ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய இரண்டு தூள் உப்புப் பரல். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, ஒவ்வாமை இல்லாவிட்டால், நஞ்சின் அளவாலேயே உயிர் போக ஆயிரம் தேனீக்கள் கொட்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் கதண்டு சில டஜன் கொட்டினாலே தசையும் இரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். குழந்தைக்கு எடை குறைவு, எனவே எல்லை இன்னும் கீழே. அன்று நன்றாக இருப்பவருக்கு மறுநாள் சிறுநீர் குறைவதும், கறுத்த தேநீர் போல வருவதும் உண்டு. பல கொட்டு வாங்கியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது தவறு.

ஒவ்வாமை உள்ளவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் ரிஷே 1902இல் கடல் சாமந்தி நஞ்சை வைத்துச் சோதனை செய்தபோது, முதல் ஊசியில் பிழைத்த நாய் வாரங்கள் கழித்து மிகச் சிறிய இரண்டாம் ஊசியில் இறந்ததைப் பார்த்தார். காப்பாற்ற வேண்டிய உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் இந்த ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார். 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம், வாந்தி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும், நிமிடங்கள் முக்கியம்.

சாதாரணக் கொட்டுக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, வீக்கம் வரும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றினால் போதும். சுண்ணாம்பு தடவுவது நம் பழக்கம். நஞ்சின் வலி அமிலத்தால் மட்டும் வருவதல்ல. புரதங்கள் செல்களை உடைப்பதால் வருவது, அதுவும் தோலுக்கு அடியில். மேலே பூசும் சுண்ணாம்பு அங்கே எட்டாது. தோலைப் பொசுக்கும், கண்ணருகே பட்டால் கண்ணுக்கே ஆபத்து.

கூட்டம் கலைந்து துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். நேராக, கதவு சாத்தக்கூடிய வீட்டுக்கோ காருக்கோ. கைகளை வீசாதீர்கள். குளத்தில் குதித்தால் தேனீக்கள் மேலே காத்திருக்கும். முகத்தை ஏன் மூடச் சொல்கிறேன் என்றால், மைக்கேல் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் உடலில் 25 இடங்களில் தேனீயைக் கொட்டவைத்து வலிக்கு மதிப்பெண் போட்டு 2014இல் வெளியிட்டார். முதலிடம் மூக்குத்துவாரம், இரண்டாமிடம் மேலுதடு. ஐந்து பக்க, ஏழு பக்க அறைகளைக் கண்ட ஆய்வை முன்னின்று நடத்தியவரும் இவர்தான். மூச்சுக்காற்றை நோக்கியே தேனீக்கள் வருவதால் முகத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

கதண்டுக் கூட்டையும், ஆள் நடமாடும் இடத்து மலைத்தேனீக் கூட்டையும் நாமே எடுக்கக்கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றுவது, துணிப்பந்தம் கட்டிக் கொளுத்துவது, சுவர்ப் பொந்தின் வாயைச் சிமென்ட் வைத்து அடைப்பது மூன்றுமே விபரீதம். அடைத்தால் உள்ளே இருப்பவை வேறு வழி குடைந்து வீட்டுக்குள்ளேயே வரும். புகை தேனீயைச் சற்று அடக்கும். அபாய மணத்தை அதன் உணர்கொம்புகள் உணரவிடாமல் மழுங்கடிக்கும். அதையும் பழகிய கை போட வேண்டும். கதண்டிடம் அந்தத் தந்திரத்தை நம்பிப் போகக்கூடாது. தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையத்துக்கு 101இலோ 112இலோ சொன்னால் வருவார்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகே வேலையைத் தொடங்குவார்கள்; அப்போதுதான் வெளியே போனவையெல்லாம் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். அவர்கள் வேலை செய்யும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். கலைந்தவை வெளிச்சத்தைத் தேடித்தான் வரும்.

உங்கள் தோட்டத்துத் தென்னையிலோ பனையிலோ கதண்டு இருப்பது தெரிந்தால், இன்றைக்கே அந்த மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி ஒரு கயிறு கட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். தேங்காய் பறிக்க வருபவரிடம், அவர் மரத்தில் கை வைப்பதற்கு முன் சொல்லுங்கள்.